ஸ்டீயரிங் சொல்வதெல்லாம் டயர் சொன்னதா?

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்று 20.8 கிலோமீட்டர் நீளம். காட்டுக்குள் ஏறியும் இறங்கியும் ஓடும் அந்தப் பந்தயப் பாதையை லேசர் கருவியால் அளந்து, 2015 வாக்கில் கணினிப் பந்தய விளையாட்டுகளுக்குள் அப்படியே கொண்டுவந்துவிட்டார்கள். புது ஸ்டீயரிங் வாங்கிய சிம் ரேசிங் பிரியர்கள் பலர் அதைச் சோதித்துப் பார்க்கப் போகும் இடம் இதுதான்.

காரணம் இருக்கிறது. ஃப்ளுக்பிளாட்ஸ் என்ற மேட்டின் உச்சியைத் தாண்டும்போது முன் சக்கரங்களின் மேல் பாரம் குறையும். கையில் ஸ்டீயரிங் லேசாகும். சற்றுத் தள்ளி ஃபுக்ஸ்ரோர என்ற செங்குத்தான இறக்கம். இறங்கிய வேகத்தில் பள்ளத்தின் அடியில் வண்டி அமுங்கும்போது அதே ஸ்டீயரிங் இரும்பாய்க் கனக்கும். கருஸ்ஸெல் வளைவின் உட்புறம் கான்கிரீட் பாவிய சரிவு. அதன் இணைப்புகள் ஒவ்வொன்றும் மணிக்கட்டில் வந்து இடிக்கும். நல்ல சிமுலேட்டரில் இந்த மூன்று இடங்களையும் கண்ணை மூடிக்கொண்டே கையால் அடையாளம் சொல்லிவிடலாம்.

வளைவில் ஸ்டீயரிங் ஏன் கனக்கிறது? வண்டி திரும்பும்போது, டயர் தரையில் பதிந்திருக்கும் இடத்தில் ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. பக்கவாட்டு விசை அந்தப் பதிவின் நடுவில் விழாமல் கொஞ்சம் பின்னால் விழுகிறது. அதனால் சக்கரம் தானாகவே நேராகப் பார்க்கிறது; அதை ஓட்டுபவரின் கை தடுத்துப் பிடிக்கிறது. சக்கரத்தைப் பொருத்தியிருக்கும் சாய்வும் இதற்குத் துணை. இன்னும் திருப்பத் திருப்ப, பிடிப்பு உச்சத்தைத் தொடும் முன்பே அந்த விசை நடுவை நோக்கி நகரத் தொடங்கும். கனம் குறையும். டயர் இன்னும் வழுக்கவில்லை. கைக்கு மட்டும் சேதி முன்கூட்டியே வந்துவிட்டது. பந்தய ஓட்டுநரின் திறமையெல்லாம் இந்த இம்மியளவு இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

சிமுலேட்டர் இதைக் கணக்காகப் போடுகிறது. விநாடிக்கு 300 தடவைக்கு மேல் டயரின் நிலையைக் கணக்கிடும் விளையாட்டுகள் உண்டு. அந்தக் கணக்கின் முடிவு ஒரே ஓர் எண்ணாக ஸ்டீயரிங்கில் உள்ள மோட்டாருக்குப் போகிறது: எந்தப் பக்கம், எவ்வளவு முறுக்கு. பாரம், பிடிப்பு, மேடுபள்ளம் என எல்லாமே அந்த ஓர் எண்ணுக்குள் அடக்கம். 1989இல் வந்த ‘ஹார்ட் டிரைவிங்’ என்ற ஆர்கேட் இயந்திரத்திலேயே கையை எதிர்த்துத் தள்ளும் ஸ்டீயரிங் இருந்தது, கிளட்ச்கூட இருந்தது. 1998இல் வந்த ‘கிராண்ட் பிரி லெஜெண்ட்ஸ்’ 1967ஆம் ஆண்டின் பந்தயக் கார்களை வீட்டுக்குள் கொண்டுவந்தது. இறக்கை இல்லாத கார்கள் அவை. வழுக்கலோடு வாழத் தெரியாதவர்களை முதல் வளைவிலேயே சுழற்றி வீசியது அந்த விளையாட்டு.

இன்றைய போட்டி வேறு. முறுக்கு விசையில்தான் இப்போது பெருமை. பல்சக்கரம் வைத்த மலிவான ஸ்டீயரிங் சுமார் 2 நியூட்டன் மீட்டர் தரும். மோட்டாரின் தண்டிலேயே ஸ்டீயரிங்கைப் பூட்டும் டைரக்ட் டிரைவ் வகையில் அது 20க்கு மேலும் போகிறது. பவர் ஸ்டீயரிங் உள்ள சாதாரணக் காரைச் சாலையில் ஓட்டும் கைக்குச் சில நியூட்டன் மீட்டரே போதும் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டு மேசையில் இருக்கும் கருவி வாசலில் நிற்கும் காரைவிட முரடாகிவிட்டது. மோதப்போகிறோம் என்று தெரிந்ததும் பந்தய ஓட்டுநர்கள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள், விரலும் மணிக்கட்டும் தப்ப. வலுவான வீட்டு ஸ்டீயரிங்குகளோடு அவசர நிறுத்தப் பொத்தான் வருவதும் இதே பயத்தால்தான்.

விசை கூடினால் உணர்வு கூடும் என்பது தப்புக் கணக்கு. சின்ன மோட்டாரில் விசையின் அளவை ஏற்றி வைத்தால், வளைவின் பாதியிலேயே அது தன் உச்சத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு மேல் டயர் சொல்வது எதுவும் கைக்கு எட்டாது. கனம் குறைகிற அந்த அருமையான சேதி காணாமல் போவது இப்படித்தான்.

இதைவிடக் கவலை தருவது ஒன்று உண்டு. பல விளையாட்டுகள் டயரிலிருந்து வராத அதிர்வுகளையும் கையில் சேர்க்கின்றன. பாதையோரக் கரையில் ஏறினால் கூடுதல் நடுக்கம், பின்சக்கரம் வழுக்கினால் ஓர் அதிர்வு, முன்சக்கரம் பிடி விட்டால் மிகைப்படுத்திய தளர்ச்சி என்று அமைப்புப் பக்கத்தில் கூட்டிக் குறைக்கத் தனித்தனிப் பட்டைகளே இருக்கின்றன. இதற்கு விளையாட்டை உருவாக்குபவர்கள் சொல்லும் நியாயம் புரிகிறது. நிஜக் காரில் பின்பக்கம் விலகுவதை முதலில் உணர்வது இடுப்பும் உள்காதும். அசையாத நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த இரண்டும் ஊமை. அந்தக் குறையை ஈடுகட்டக் கையைக் கூடுதலாகப் பேசவைக்கிறார்கள். ஆனால் அப்படிப் பழகியவர் ஒரு பொய்ச் சேதியை நம்பக் கற்றுக்கொள்கிறார்.

அவர் ஒருநாள் மழை பெய்த நெடுஞ்சாலையில் நிஜக் காரை ஓட்டுவார். இன்றைய கார்களில் பெரும்பாலும் மின்மோட்டார் பவர் ஸ்டீயரிங். சாலையின் நடுக்கத்தை வடிகட்டி, கையை நோகவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. தண்ணீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும்போது இந்த ஸ்டீயரிங் விளையாட்டில் கத்தியதுபோல் கத்தாது; லேசாக முணுமுணுக்கும். பெரிய எச்சரிக்கைக்குப் பழகிய கை அதற்காகக் காத்திருக்கும். இடுப்பு சொல்வதைக் கேட்கவும் அவர் பழகவில்லை. காத்திருக்கும் அந்த அரை விநாடியில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், கார் கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடும்.

நிஜக் காரும் சிமுலேட்டரை நோக்கித்தான் நகர்கிறது. ஸ்டீயரிங்கின் திருப்பத்தை மின்சமிக்ஞையாகச் சக்கரத்துக்கு அனுப்பும் கார் 2013இல் ஜப்பானிலிருந்து வந்தது. கோளாறு வந்தால் உதவ, ஒரு தண்டைக் காப்பாக வைத்திருந்தார்கள். 2023இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒரு பிக்-அப் வண்டியில் அந்தத் தண்டும் கிடையாது. இவற்றில் கைக்குக் கிடைக்கும் கனம் மோட்டார் தருவது, விளையாட்டு ஸ்டீயரிங்கில் போலவே. எவ்வளவு கனம், எந்த நடுக்கம் வேண்டும், எது வேண்டாம் என்பதை யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார். ஓட்டுபவருக்கு அது தெரிவதில்லை.

சிமுலேட்டரில் பழகியவர்கள் நிஜப் பந்தயத்தில் சாதித்திருக்கிறார்களே என்பார்கள். உண்மைதான். ‘கிரான் டுரிஸ்மோ’ விளையாட்டின் வழியாக 2008இல் நடந்த தேர்வில் வென்ற ஸ்பெயின்காரர், 2011 லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் தன் பிரிவில் இரண்டாமிடம் பிடித்த குழுவில் இருந்தார். ஆனால் வென்ற கையோடு அவரைப் பந்தயத்தில் இறக்கிவிடவில்லை. நிஜப் பாதையில் பயிற்சி கொடுத்த பிறகே காரைக் கொடுத்தார்கள்.

வீட்டில் இந்தக் கருவி வைத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சேர்த்த அதிர்வுகளுக்கான பட்டைகளையெல்லாம் பூஜ்யத்துக்கு இறக்கிவைக்கச் சொல்லுங்கள். முதல் சில நாட்கள் ஸ்டீயரிங் செத்ததுபோல் தோன்றும். டயரின் சேதி மெல்லப் பிடிபடும். பிள்ளை லைசென்ஸ் வாங்கியதும், பயிற்சியாளர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஈரமான காலி மைதானத்தில் மெதுவான வேகத்தில் நிஜக் காரின் பிரேக்கை அழுத்திப் பார்க்கவும், ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்க்கவும் ஏற்பாடு செய்யுங்கள். பெரிய சாலைக்கு அதன் பிறகு போகட்டும்.