செனகலில் ஓர் உடுக்கை

கொமரலிங்கத்தில் மாரியம்மன் நோம்பி சாட்டிவிட்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் யாரும் நேரத்துக்குத் தூங்குவதில்லை. அப்படி ஒரு ராத்திரி, அமராவதி ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று வீச, உடுக்கடிப் பாட்டு நடந்தது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள் பாட்டுக்காரருக்கு நேர் எதிரே, முதல் ஆளாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் நேராக என்னிடம் வந்தாள்.

"அத்தை, அவரு வலது கையில ஒரே மாதிரித்தானுங்க அடிச்சாரு. சத்தம் மட்டும் 'டும்'முனு கீழ ஆரம்பிச்சு 'டுவ்வீ'னு மேல ஏறுது. அது எப்படீங்க?"

"இடது கையைப் பார்த்தியா கண்ணு?"

பார்க்கவில்லையாம். அடிக்கிற கையைத்தானே எல்லோரும் பார்ப்போம்! பாட்டுக்கார அய்யா ஊரை விட்டுக் கிளம்பவில்லை என்று தெரிந்து, இருவரும் கோயிலடிக்கு ஓடினோம். கேட்டதும் உடுக்கையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

நீங்களும் கையில் வாங்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு ஒடுங்கிய உடல். இரண்டு வாயிலும் வளையத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய தோல். ஒரு வளையத்துக்கும் மறு வளையத்துக்கும் மாறி மாறிப் போய்வரும் கயிறு. அந்தக் கயிறுகளையெல்லாம் இடுப்பில் சேர்த்துச் சுற்றிய பட்டை. அந்தப் பட்டையைத்தான் இடது கை பிடித்திருக்கிறது. கை அமுக்கினால் கயிறுகள் உள்ளே போகும், இரண்டு தோலும் விறைக்கும், சத்தம் மேலே ஏறும். கையைத் தளர்த்தினால் தோலும் தளரும், சத்தம் இறங்கும். வலது கை தட்டுகிறது. என்ன சொல்ல வேண்டும் என்பதை இடது கைதான் முடிவு செய்கிறது.

திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க நூலே போதும். நிட்டிங் மிஷினில் கோனிலிருந்து நூல் ஓடிப்போய் ஊசியில் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வேலை செய்பவர்கள் நாள் முழுக்கச் சொல்லும் வார்த்தை 'நூல் டென்ஷன்'. டென்ஷன் அதிகமானால் நூல் அறுந்து மிஷின் நின்றுவிடும், சீராக இல்லாவிட்டால் துணியில் கோடு விழும். பழகிய ஆள் ஓடும் நூலை விரலால் லேசாகத் தொட்டே இறுக்கமா தளர்வா என்று சொல்லிவிடுவார். பாட்டுக்காரரின் இடது உள்ளங்கைக்கும் அதே பழக்கம்தான்.

இறுக்கினால் ஏன் சத்தம் ஏறுகிறது? நூலோ தோலோ, தட்டியதும் தன் இடத்தை விட்டு விலகுகிறது. டென்ஷன், அதாவது இழுவிசை, அதைத் திரும்ப இழுக்கிறது. இழுவிசை அதிகமானால் சீக்கிரம் திரும்பும், ஒரு நொடியில் அதிகத் தடவை அதிரும். அந்த எண்ணிக்கைதான் அதிர்வெண். அது ஏற ஏறச் சுருதியும் ஏறும்.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். கெட்டியான தூண்டில் நரம்பு ஒன்றை மேசையின் ஒரு முனையில் ஆணியில் கட்டி, இரண்டு பென்சில்கள் மேல் ஓடவிட்டு, மறு முனையை மேசைக்குக் கீழே தொங்கவிடுங்கள். அதில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டி, பென்சில்களுக்கு நடுவே உள்ள நரம்பைச் சுண்டுங்கள். அந்தச் சுருதியை 'ச' என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இன்னொரு பாட்டிலைச் சேர்த்துக் கட்டுங்கள். இழுவிசை 2 மடங்கு ஆனது, அதிர்வெண்ணும் 2 மடங்கு ஆகும் என்றுதானே தோன்றும்? ஆகாது. ஏறத்தாழ 1.4 மடங்குதான் ஆகும். மேல் 'ச' வேண்டுமென்றால் நான்கு பாட்டில் தொங்க வேண்டும். இழுவிசை 4 மடங்கு ஆனால்தான் அதிர்வெண் 2 மடங்கு. நரம்பு அறுந்தால் கண்ணில் பட்டுவிடும். அதனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

தோலும் இப்படித்தான் ஏறி இறங்குகிறது. ஆனால் நரம்பின் குரலுக்கும் தோலின் குரலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நரம்பு ஒரே நேரத்தில் பல விதமாக அதிரும். அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று ஒழுங்காகச் சேர்ந்து வருவதால் காதுக்கு ஒரே சுரமாகக் கேட்கிறது. வெறும் தோலில் அந்த ஒழுங்கு கிடையாது. 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று சிதறி வரும். பறையைத் தட்டினால் இது எந்தச் சுரம் என்று சட்டெனச் சொல்ல முடியாததற்கு அதுதான் காரணம். மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பாக அப்பியிருக்கும் கரணை, சிதறிய அந்த அதிர்வுகளைப் பிடித்து ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. இதை நம் சர் சி. வி. ராமன் ஆராய்ந்து 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது பத்து வருடம் கழித்து, ஒளியைப் பற்றிய வேறு ஆராய்ச்சிக்காக. எனக்கென்னவோ மிருதங்க ராமனைத்தான் அதிகம் பிடிக்கும்.

சரி, இனிக் கடல் தாண்டுவோம். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் என்று ஒரு நாடு. அங்கே 'தமா' என்று ஒரு வாத்தியம் இருக்கிறது. படத்தைப் பார்த்ததும் என் மருமகள் "இது நம்ம உடுக்கையாச்சே!" என்றாள். அதே ஒடுங்கிய இடுப்பு, அதே இரண்டு தோல், அதே கயிறு. தமாவைக் கையில் பிடிப்பதில்லை, கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார்கள். மேற்கையாலும் விலாவாலும் கயிற்றை அமுக்கி, ஒரு கையால் வளைந்த குச்சிகொண்டும் மறு கை விரல்களாலும் அடிக்கிறார்கள். கிராமத்துச் சடங்கோடு அது நின்றுவிடவில்லை. மின்சாரக் கிட்டார், கீபோர்டு நடுவே தமா துள்ளும் 'இம்பலாக்ஸ்' என்ற துள்ளிசைக்கு அங்கே இளைஞர்கள் ஆடுகிறார்கள். யூசு என்துர் என்ற பாடகர் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்.

2018-ல் 'பிளாக் பாந்தர்' படம் வந்ததே, நினைவிருக்கிறதா? வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் கதை. இசையமைப்பாளர் லுட்விக் யோரான்ஸன் சுவீடன்காரர். இயக்குநர் ரையன் கூக்ளரின் கல்லூரித் தோழர். ஆப்பிரிக்க வாத்தியங்களின் ஒலித்துண்டுகள் கணினியில் தயாராகவே கிடைக்கின்றன. பொத்தானை அமுக்கினால் 'டும்' கேட்கும். அவர் அதை நம்பி உட்காரவில்லை. செனகலுக்குப் போனார். செனகல் ஆற்றங்கரையில் உள்ள பொதோர் என்ற ஊரில் பிறந்த புகழ்பெற்ற பாடகர் பாபா மாலின் இசைப் பயணத்தில் கூடவே சுற்றினார். அந்தக் குழுவில் தமா வாசித்தவர் மசாம்பா ஜோப்.

அவரிடம் யோரான்ஸன் கேட்டது ஒன்றுதான்: கதாநாயகனான அரசன் டிச்சாலாவின் பெயரைத் தமாவில் சொல்ல முடியுமா? ஜோப் வாசித்தார். ஏறி இறங்கிய அந்தச் சில அடிகளே படம் முழுக்கக் கதாநாயகனின் அடையாளமாகிவிட்டன. அரசன் வரும்போதெல்லாம் தமா அவன் பெயரைச் சொல்லி அழைக்கிறது.

வாத்தியம் பெயரைச் சொல்லுமா என்று சந்தேகம் வரும். நைஜீரியாவின் யொரூபா மொழியைப் பாருங்கள். அதில் 'ஒக்கொ' என்று ஒரு சொல். சமமான குரலில் சொன்னால் கணவன். கடைசியில் குரலை ஏற்றினால் களைக்கொத்து. இறக்கினால் வண்டி. சொல்லின் பொருளே சுருதியில் இருப்பதால், சுருதியை மாற்றத் தெரிந்த வாத்தியம் அந்த மொழியைப் பேசிவிடும். தமாவின் உறவுக்கார வாத்தியங்கள் அங்கே வாழ்த்தும் பழமொழியும் சொல்கின்றன. நம் தமிழில் சுருதியால் சொல்லின் பொருள் மாறாது. ஆனாலும் "வந்தியா?" என்று கேட்கும்போது குரல் ஏறுகிறது, "வந்தேன்" என்னும்போது இறங்குகிறது. உடுக்கைக்கு அது போதும்.

படத்தின் வில்லனுக்கு வேறு குரல். அமாது பா என்ற கலைஞர் ஃபுலானி மக்களின் புல்லாங்குழலை வாசித்தார். ஊதும்போதே அதற்குள் பேசினார், கத்தினார். குழலுக்குள் காற்று ஒரு பக்கம் அதிர, தொண்டையில் குரல்நாண் இன்னொரு பக்கம் அதிர, இரண்டும் கலந்து கரகரவென்று வெளியே வருகிறது. ஒரே மூச்சில் இரண்டு ஒலி!

இதையெல்லாம் மைக் பிடித்துப் பதிவு செய்கிறது. காற்று வந்து தள்ளுவதை மைக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு வாங்கி மின்சாரமாக மாற்றுகிறது. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு குட்டித் தோல்தான். சினிமாவுக்குப் பதிவு செய்யும்போது அந்த மின்சாரத்தை வழக்கமாக ஒரு நொடிக்கு 48,000 தடவை அளந்து எண்ணாகச் சேமிக்கிறார்கள். மனிதக் காதுக்கு எட்டும் உச்சம் 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அதிர்வைத் தவறாமல் பிடிக்க அதன் இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது கணக்கு, அதனால்தான் அவ்வளவு. பிறகு தமாவை ஒரு தடத்திலும் குழலை இன்னொரு தடத்திலும் வைத்து, பெரிய வாத்தியக் குழுவின் இசையை அவற்றோடு சேர்த்தார்கள். அந்த இசைக்கு 2019-ல் ஆஸ்கார் கிடைத்தது.

யோரான்ஸன் செனகலுக்குப் போனது சரியா என்று என்னைக் கேட்டால், போயே ஆக வேண்டும் என்பேன். தயாராகக் கிடைக்கும் ஒலித்துண்டில், யாரோ ஒருவர் ஏதோ ஒரு நாள் அமுக்கிய ஒரே ஓர் அமுக்கல்தான் இருக்கும். அடுத்த அடியை எவ்வளவு இறுக்குவது என்பது வாசிப்பவரின் கக்கத்தில் இருக்கிறது.

நம் மாவட்டத்துக்கும் இப்படி ஒருவர் வந்தார். கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் பிரெண்டா பெக், காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, 1965-ல் உடுக்கடித்துப் பாடும் அண்ணன்மார் கதையைப் பாட்டுக்காரர்கள் இரவுக்கு இரவு பாடக் கேட்டு டேப்பில் பதிவு செய்தார். பல வருடம் கழித்து அந்தக் கதையே பொன்னிவள நாட்டுக் கதையாக, 26 பாகம் கொண்ட அனிமேஷன் தொடராக வந்தது. காங்கேயத்துச் சிற்றூர் ஒன்றில் ராத்திரி முழுக்கப் பாடிய கதைக்கு எவ்வளவு தூரப் பயணம்!

இதையெல்லாம் கோயிலடியில் உட்கார்ந்து சொல்லி, தமா வாசிக்கும் வீடியோவைப் பாட்டுக்கார அய்யாவுக்குப் போனில் காட்டினோம். ஒருமுறை பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார்.

"கக்கத்துல இடுக்கறாரு. அப்ப வெரலு வலிக்காது" என்றார்.

"அய்யா, உங்க உடுக்கையில எம்பேரு சொல்லுவீங்களா?" என்று அவள் கேட்டாள்.

பெயரைக் கேட்டுக்கொண்டார். இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். இந்த முறை அவள் இடது கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பட்டை மெல்ல உள்ளே போனது. மூன்று அடி. கடைசி அடி மட்டும், பின்கட்டிலிருந்து அம்மா கூப்பிடுவதுபோல், நீண்டு மேலே ஏறியது.

"ஏனுங்க!" என்று அவள் பதில் குரல் கொடுத்தாள்.