புளிச்சோறு பத்துமலை வரை தாங்குமா?

தைப்பூசத்துக்கு முதல் நாள் மாலை மந்தினிலிருந்து பத்துமலைக்குக் கிளம்பும் வண்டிகளில் ஒரு பொட்டலம் கட்டாயம் இருக்கும். வாழையிலையில் கட்டிய புளிச்சோறு. தூரம் சுமார் 60 கிலோமீட்டர்தான். சாலை காலியாக இருந்தால் ஒரு மணி நேரம். ஆனால் தைப்பூச இரவில் சாலை எப்போது காலியாக இருந்தது? போய்ச் சேர்ந்து, இடம் பிடித்துத் தார்ப்பாய் விரித்து, உறுமி மேளச் சத்தத்தில் தூங்கியும் தூங்காமலும் இரவைக் கழித்து, விடியற்காலையில் காவடியோடு 272 படி ஏறி இறங்கி, அதன் பிறகுதான் பொட்டலத்தைப் பிரிப்போம். சோறு அடுப்பை விட்டு இறங்கி அதற்குள் 12 மணி நேரம் ஆகியிருக்கும்.

தோட்டத்து லயங்களிலிருந்து லாரி ஏறிப் போன காலத்திலும் இதே சோறுதான். தேங்காய்ப்பால் சோற்றை யாரும் கட்டிக்கொண்டு போகவில்லை. ஏன்? விடை தெரிந்தால், தைப்பூசத்துக்கு மட்டுமல்ல, பள்ளி முகாமுக்கோ கூடாரமடித்துத் தங்கும் இசை விழாவுக்கோ போகும்போதும் பையில் எதை வைப்பது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

முதலில் சோற்றின் எதிரியைப் பார்ப்போம். அதன் பெயர் பாசிலஸ் செரியஸ். மண்ணில் வாழும் பாக்டீரியா. நெல்லோடு ஒட்டிக்கொண்டு அரிசிக்கு வந்து, அங்கிருந்து உங்கள் சமையலறைக்கும் வந்துவிடும். அரிசியைக் கொதிக்க வைத்தால் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். அது கெட்டியான ஓடு போர்த்திய வித்தாக மாறிக்கொள்ளும். கொதிநீரையும் தாங்கும். சோறு ஆறத் தொடங்கியதும் வித்து விழித்துப் பெருகும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையைச் சுகாதாரத் துறையினர் 'ஆபத்து மண்டலம்' என்கிறார்கள். நம் ஊர் இரவு வெப்பமும் வண்டிக்குள் இருக்கும் பையின் வெப்பமும் சரியாக அதன் நடுவில் விழுகின்றன. நல்ல சூழலில் ஒரு பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மணி நேரத்தில் 8, நான்கு மணி நேரத்தில் 4,096, எட்டு மணி நேரத்தில் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேல்! சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள் என்று சுகாதார அமைச்சு சொல்வது இதனால்தான்.

'சூடு பண்ணிச் சாப்பிட்டால் போகிறது' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்த பாக்டீரியா உணவுக்குள் செரியுலைட் என்ற நஞ்சை விட்டுவைக்கும். 121 டிகிரியில் 90 நிமிடம் சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. அதற்குத் தனியாக மணமும் கிடையாது. பார், முகர், சுவை என்று அமைச்சு சொல்லும் மூன்று சோதனைகளும் நல்லவைதான். ஆனால் மூன்றையும் தாண்டி இது உள்ளே போய்விடக்கூடும்.

2003 ஆகஸ்டில் பெல்ஜியத்தில் ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை பாஸ்தா சாலட் செய்து, சனிக்கிழமை உல்லாசப் பயணத்துக்குக் கொண்டுபோனது. மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்து, திங்கள் மாலை ஐந்து பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் ஐவருக்கும் வாந்தி. 7 வயதுச் சிறுமி இறந்துபோனாள். காரணம் செரியுலைட். பிறகு அளந்தபோது அந்தக் குளிர்பெட்டிக்குள் வெப்பநிலை 14 டிகிரி இருந்தது. பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. போதுமான குளிர்தான் இல்லை.

இனி புளிக்கு வருவோம். லிட்மஸ் தாளோடு நீங்கள் படித்த அதே பிஎச் அளவுதான் இங்கேயும். வெறும் சோற்றின் பிஎச் 6க்கு மேல். தேங்காய்ப்பாலுக்கும் ஏறக்குறைய 6. பாக்டீரியாவுக்குப் பிடித்த இடம் அது. புளியிலோ டார்டாரிக் அமிலம் நிறைந்திருக்கிறது. கெட்டியான புளிக்கரைசலின் பிஎச் 3ஐ ஒட்டி வரும். அமில மூலக்கூறு பாக்டீரியாவின் சவ்வைக் கடந்து உள்ளே போய் ஹைட்ரஜன் அயனியை விடுவிக்கிறது. பாக்டீரியா அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். படகில் ஓட்டை விழுந்தால் துடுப்புப் போடுவதா, தண்ணீரை இறைப்பதா? இறைப்பதிலேயே சக்தியெல்லாம் போய்விடுவதால் பெருக முடிவதில்லை. உணவுத் தொழிற்சாலைகள் பிஎச் 4.6ஐ ஒரு முக்கியக் கோடாக வைத்திருக்கின்றன. அதற்குக் கீழே பல ஆபத்தான கிருமிகள் திணறும்.

ஆனால் மஞ்சள் தூக்கலாக, புளி பேருக்கு இருக்கும் சோறு அந்தக் கோட்டைத் தொடாது. பிள்ளைகளுக்குப் புளிப்பு ஆகாது என்று கரைசலைக் குறைத்தால் நிறம் மட்டும்தான் புளிச்சோறு. புளி எல்லாப் பருக்கையிலும் ஏற வேண்டும். காய்ச்சலை நல்லெண்ணெய் பிரியும் வரை சுண்டக் காய்ச்சுவதற்கும் காரணம் உண்டு. நீர் குறையக் குறையக் கிருமிக்கு வாழ இடம் குறைகிறது. முறுக்கும் அதிரசமும் நாள்கணக்கில் கெடாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

கட்டும் விதத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறோம். பானை நிறையக் கிளறிய சோற்றை அப்படியே மூடினால், மேல்பகுதி ஆறினாலும் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆவி மூடியில் நீர்த்துளியாகிச் சோற்றின் மேலேயே சொட்டும். பாக்டீரியாவுக்கு நாமே தொட்டில் கட்டி ஆட்டுகிறோம்! அகலமான தாம்பாளத்தில் மெல்லிசாகப் பரப்பினால் சோறு விரைவாக ஆறும். ஆறிய பின்தான் இலையில் கட்ட வேண்டும். நம் பாட்டிமார் யாரும் பிஎச் அளந்ததில்லை. ஆனால் சோற்றைப் பரப்பி ஆறவைக்காமல் கட்டியதும் இல்லை.

இட்லியை எண்ணெயும் பொடியும் தடவிக் கொண்டுபோகலாம். மாவு புளித்ததில் உண்டான லேக்டிக் அமிலம் இட்லியிலும் இருக்கிறது. தேங்காய்ச் சட்னியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நாசி லெமாக் ஆசையா? போகும் இடத்தில் சுடச்சுட வாங்கி அங்கேயே சாப்பிடுங்கள். மடித்துப் பையில் வைக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், இரவு தங்கும் பயணத்துக்குப் புளிச்சோற்றை விடப் புளி அவல் மேல். காய்ந்த அவலில் பாக்டீரியா பெருகத் தேவையான நீர் இல்லை. சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சலைத் தனியாகச் சின்னப் புட்டியில் எடுத்துக்கொள்ளுங்கள். பசிக்கும்போது சுத்தமான தண்ணீரில் அவலை நனைத்துப் பிழிந்து, காய்ச்சலைப் பிசைந்து உடனே சாப்பிடலாம். 12 மணி நேரக் கவலையே இல்லை. சோறுதான் வேண்டும் என்றால், கிளம்புவதற்குச் சற்று முன் சமைத்து, நன்றாகப் புளியேற்றி, படியேறும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.

குடிப்பதற்கு என்ன? வெயிலில் நடக்கும்போது ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை கூட வியர்க்கலாம். ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியமும் போகிறது. ஆளுக்கு ஆள் இது மாறும். கோலா பானத்தில் 100 மில்லிலிட்டருக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை. இவ்வளவு அடர்த்தியான கரைசல் குடலுக்குள் போனால், ஊடுபரவலால் உடலின் நீரைக் குடல் பக்கம் இழுக்கும். தாகத்துக்கு வெறும் தண்ணீரும் உப்புப் போட்ட மோருமே போதும். பத்துமலைத் தண்ணீர்ப் பந்தல்களில் மோர் இலவசமாகவே கிடைக்கும். வாந்தி, பேதி வந்துவிட்டால் மட்டும் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சர்க்கரையும் சோடியமும் சேர்ந்தே குடல் சுவரைக் கடக்கும். நீர் அவற்றைத் தொடர்ந்து போகும். உப்பை அளவுக்கு மேல் போடக் கூடாது. வாந்தி நிற்காவிட்டால் முதலுதவிக் கூடாரத்துக்குப் போய்விட வேண்டும்.

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை முந்தைய நாளே, சற்று இடம் விட்டு நிரப்பி உறைய வையுங்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். நான்கு கிலோ தண்ணீரை 20 டிகிரி குளிரவைக்க எடுக்க வேண்டிய வெப்பமும் அவ்வளவே. தயிரும் பழமும் வைத்த பெட்டியில் அந்தப் புட்டியை மேலே வையுங்கள், குளிர்ந்த காற்று கீழே இறங்கும். பெட்டியை அடிக்கடி திறக்காவிட்டால் இரவு முழுவதும் தாங்கக்கூடும். காலையில் உருகிய தண்ணீரைக் குடித்துக்கொள்ளலாம்.