பழைய காமிராவுக்கு ஒரு சிறு கருவிப்பெட்டி

ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்கள் பலவற்றின் அலமாரியில், பாட்டனாரோ தந்தையாரோ வாங்கிய காமிரா ஒன்று உறங்கிக் கிடப்பதைக் காணலாம். அதை எழுப்ப விழைவோர் முதலில் அறியவேண்டியது ஒன்றுண்டு: பழைய காமிராக்களை முதுமை கெடுப்பதினும், பொருந்தாத கருவி கெடுப்பதே மிகுதி.

1966-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளியான யாஷிகா எலெக்ட்ரோ 35-ஐ எடுத்துக்கொள்வோம். ஜப்பானியக் காமிராக்களின் கூட்டல்குறித் திருகாணிகளில் சாதாரண பிலிப்ஸ் திருப்புளியின் முனை முழுதும் பதியாது. அழுத்தித் திருகினால் திருகாணியின் தலை தேய்ந்து, பின்னர் எவராலும் கழற்றவொண்ணாது போகும். ஆதலின் ஜே.ஐ.எஸ். அளவில் அமைந்த சிறு திருப்புளிகளே முதற்கருவி. தட்டை முனைத் திருப்புளி இரண்டு, கூர்முனை இடுக்கி, காற்றூதும் ரப்பர்க் குமிழ், பஞ்சுக்குச்சி, மூங்கில் குச்சி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஆகியனவும் வேண்டும். லென்ஸைப் பிடித்திருக்கும் வளையத்தில் இரு பள்ளங்கள் இருப்பின், அவற்றிற்குரிய இருமுனைச் சாவி தேவை. பள்ளம் இல்லையேல் ரப்பர் அடைப்பானை அழுத்திச் சுழற்றலாம். கழற்றிய திருகாணிகளை அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டியில் வரிசையாக இடுக. ஒவ்வொரு படியையும் செல்பேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்க.

எனினும், பல குறைகள் காமிராவின் உட்புறத்தைத் திறவாமலே தீர்வன. பின்கதவின் ஓரத்திலுள்ள நுரைப்பட்டை நாளடைவில் பிசினாக உருகிப் படச்சுருளில் ஒளி புகச் செய்யும். அதை மூங்கில் குச்சியால் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்துப் புதிய பட்டை ஒட்டினால் போதும். ஆல்கலைன் பாட்டரி கசிந்து தகட்டில் படிந்த உப்பை, வினிகர் தோய்த்த பஞ்சால் அகற்றலாம். இக்காமிராவுக்குரிய 5.6 வோல்ட் பாதரச பாட்டரி இப்போது கிடைப்பதில்லை. தக்க இணைப்பியுடன் 6 வோல்ட் பாட்டரியை இடலாம். பாட்டரி இன்றியும் ஷட்டர் 1/500 நொடி வேகத்தில் இயங்கும். ஆகவே 'டிக்' என்ற ஓசை கேட்டதும் காமிரா பழுதற்றது எனத் துணிதல் கூடாது.

செய்யத்தகாதனவும் சில உள. ஷட்டர் தகடுகளில் எண்ணெய் ஊற்றலாகாது. அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உள்ளே பிளாஷ் அமைந்த காமிராக்களைத் திறக்கவே வேண்டா. அவற்றின் மின்தேக்கியில் ஏறத்தாழ 300 வோல்ட் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

மும்பை, கொல்கத்தா போன்ற ஈரம் மிகுந்த நகரங்களில் வாழ்வோர், லென்ஸில் பூஞ்சை படராதிருக்க, சிலிக்கா ஜெல் இட்ட மூடிய டப்பாவில் காமிராவை வைத்தல் நலம். பூஞ்சை கண்ணாடியையே அரித்துவிட்டால், எக்கருவியாலும் அத்தழும்பை நீக்க இயலாது.