கிசுகிசு பேசும் கணினிகள்

மாணவர்களே, ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் ஒருவர் காதில் விழுந்த செய்தி, மணி அடிப்பதற்குள் பள்ளி முழுவதும் பரவிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் ஒலிபெருக்கியில் அறிவிக்கவில்லை. ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். அந்த இருவரும் மேலும் இருவரிடம் சொன்னார்கள். அவ்வளவுதான்! ஆயிரக்கணக்கான கணினிகளும் இதே வழியில் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. இதற்குக் 'கிசுகிசு நெறிமுறை' என்று பெயர்.

1987இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் ஆலன் டிமர்ஸ் குழுவினர், தொற்றுநோய் பரவும் விதத்தைப் பின்பற்றி இம்முறையை விளக்கினர். இன்று 'கசாண்ட்ரா' என்னும் தரவுத்தள மென்பொருளில், ஒவ்வொரு கணினியும் வினாடிக்கு ஒரு முறை அதிகபட்சம் மூன்று கணினிகளுடன் இப்படிப் பேசுகிறது.

எவ்வளவு வேகம்?

செய்தி தெரிந்த ஒவ்வொரு கணினியும், ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒரு கணினியைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்துச் சொல்கிறது. 1, 2, 4, 8 என்று எண்ணிக்கை இரட்டிப்பாகும். பிறகு, ஏற்கெனவே தெரிந்தவருக்கே மறுபடியும் சொல்ல நேர்வதால் வேகம் குறையும். 1,000 கணினிகளுக்கு ஏறத்தாழ 17 சுற்றுகள் போதும். ஒரு மில்லியன் கணினிகளுக்கு? ஏறத்தாழ 34 சுற்றுகள்தான்! கணினிகள் ஆயிரம் மடங்கு கூடினாலும், சுற்றுகள் இரண்டு மடங்குதான் கூடுகின்றன.

தலைவர் இல்லாத கணக்கு

கிசுகிசுவால் கணக்கும் போடலாம். நான்கு நண்பர்களிடம் 2, 4, 8, 10 ரிங்கிட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவர் இருவராகச் சந்தித்து, தங்கள் எண்களின் சராசரியை எழுதிக்கொள்கிறார்கள். 2, 4 சந்தித்தால் 3, 3. 8, 10 சந்தித்தால் 9, 9. அடுத்து 3 உள்ளவர் 9 உள்ளவரைச் சந்தித்தால், எல்லாருக்கும் 6. நால்வரின் சராசரியும் அதுவே. எண்களை யாரும் ஒரே இடத்தில் சேர்க்கவே இல்லை!

காரணம் இதுதான்: ஒவ்வொரு சந்திப்பிலும் எண்கள் மாறினாலும் மொத்தம் 24 மாறுவதில்லை. நிஜ வலையமைப்பில் சந்திப்புகள் இவ்வளவு ஒழுங்காக அமையாது. ஆனாலும் எண்கள் படிப்படியாகச் சராசரியை நெருங்கும்.

மொத்தம் எத்தனை பேர் என்றும் கண்டுபிடிக்கலாம். ஒருவர் 1 என்றும் மற்றவர்கள் 0 என்றும் தொடங்கட்டும். முடிவில் ஒவ்வொருவரிடமும் 1/4 இருக்கும். அதைத் தலைகீழாக்கினால் 4!

எங்கே தவறும்?

முதல் சுற்று முடிந்ததும், 9 வைத்திருந்த ஒருவர் (அவரிடம் முதலில் இருந்தது 10) விலகிவிட்டால்? மீதம் 3, 3, 9. சராசரி 5 என்று வரும். ஆனால் மீதமுள்ள மூவரின் உண்மையான சராசரி 14/3, அதாவது சுமார் 4.67. எனவேதான் இத்தகைய அமைப்புகளில் கணக்கை அவ்வப்போது புதிதாகத் தொடங்குகிறார்கள்.

தவறான செய்தி பரவுவது இன்னும் மோசம். 2008 ஜூலை 20ஆம் நாள், அமேசானின் 'எஸ்3' தரவுச் சேமிப்புச் சேவை பல மணி நேரம் முடங்கியது. கணினிகள் தங்கள் நிலையைப் பற்றிப் பரிமாறிய சில செய்திகளில், ஒரே ஒரு பிட் மாறியிருந்தது. செய்தி பார்ப்பதற்குச் சரியாக இருந்ததால் அது தடையின்றிப் பரவியது. வாடிக்கையாளர்களின் கோப்புகளில் பிழை உண்டா என்று சோதிக்க ஏற்பாடு இருந்தது; இந்த உள் செய்திகளுக்கு இல்லை. கடைசியில் கணினிகளுக்கு இடையிலான பேச்சையே நிறுத்தி, பரவியதை அழித்து, மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று.

புலனத்தில் வரும் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும்முன் நாம் சரிபார்க்க வேண்டியதும் இதனால்தான்.

செய்து பாருங்கள்: எட்டு நண்பர்கள் ஆளுக்கோர் எண்ணைத் தாளில் எழுதுங்கள். இருவர் இருவராகச் சந்தித்துச் சராசரி எடுங்கள். எல்லாருக்கும் ஒரே எண் கிடைக்கக் குறைந்தது எத்தனை சுற்றுகள் போதும்? யார் யாரைச் சந்திக்க வேண்டும்?