எலியின் எடையைக் குறைத்த குடம்புளி... மனிதர்களுக்கு என்ன செய்தது?

கேரளாவிலும் குமரி மாவட்டத்திலும் மீன் குழம்பு என்றால் குடம்புளி இல்லாமல் இருக்காது. பார்ப்பதற்கு குட்டிப் பூசணி போல இருக்கும் இந்த மஞ்சள் பழத்தின் தோலைக் காயவைத்து, புகையில் கறுக்கவைத்து எடுத்து வைப்பார்கள். வயிற்றுக் கோளாறுகளுக்கு நாட்டு வைத்தியத்திலும் இது உண்டு. (நாம் தின்னும் கொடுக்காப்புளி வேறு, இது வேறு.)

அதே பழத்தின் சாறுதான் இன்று ‘கார்சினியா’ என்ற பெயரில் கேப்சூலாகி, ‘கொழுப்பைக் கரைக்கும்’ என்ற விளம்பரத்தோடு ஆன்லைனில் விற்கிறது. அது உண்மையா?

மைசூரில் தொடங்கிய கதை

குடம்புளியின் புளிப்புக்குக் காரணம் ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம். 1965-ல் இதை வெளியிட்டவர்கள், மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த லூயிஸ், நீலகண்டன் ஆகிய விஞ்ஞானிகள்.

உடலில் மிஞ்சும் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்ற ஒரு நொதி தேவை. அந்த நொதியை இந்த அமிலம் தடுக்கிறது என்று அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க ஆய்வகத்தில் தெரியவந்தது. 1970-களில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை குறைவாகச் சாப்பிட்டன. எடையும் அவ்வளவாக ஏறவில்லை. விளம்பரங்கள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்.

135 பேரிடம் நடந்த சோதனை

1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. உடல் பருமனான 135 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இந்த அமிலம் தினமும் 1,500 மில்லிகிராம் கிடைக்கும் அளவுக்குக் குடம்புளிச் சாறு. இன்னொரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. இரு குழுவுக்கும் ஒரே டயட்.

12 வாரம் கழித்துப் பார்த்தால், சாறு சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தார்கள். வெற்று மாத்திரைக் குழு 4.1 கிலோ! புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. அதாவது, எடையைக் குறைத்தது டயட்தான்.

2011-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் கிடைத்த பலன் ஒரு கிலோவுக்கும் குறைவு. தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்தால் அதுவும் நிற்கவில்லை.

கல்லீரல் கவனம்

2009-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், கார்சினியா உட்படப் பல பொருள்கள் கலந்த ஒரு பிரபல எடைக்குறைப்பு மாத்திரையைச் சாப்பிட வேண்டாம் என எச்சரித்தது. மஞ்சள் காமாலை முதல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை 23 புகார்கள். ஒருவர் இறந்தும் போனார். அப்போது எந்தப் பொருள் காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் பிறகு, கார்சினியா மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் கல்லீரல் பாதிப்பு வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன.

குழம்பில் போடும் இரண்டு துண்டு குடம்புளிக்குப் பயப்பட வேண்டாம். ஆண்டாண்டு காலமாகச் சாப்பிட்டு வருவது அந்த அளவைத்தான். கேப்சூலில் இருப்பது செறிவூட்டிய சாறு.

வாங்கும் முன் கேளுங்கள்

* சோதனை நடந்தது எலியிடமா, மனிதர்களிடமா?
* எத்தனை பேர், எத்தனை வாரம்?
* வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்களா?
* ஒரு மாத்திரையில் எவ்வளவு சாறு?

நாவல்கொட்டைப் பொடி, பாகற்காய் மாத்திரை என எதை வாங்கினாலும் இதே நான்கு கேள்விகள்தான். சர்க்கரை நோய்க்கோ வேறு எதற்கோ ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள், கல்லீரல் பிரச்னை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்காமல் இவற்றைத் தொடவே வேண்டாம்.