புதைத்த பானையின் பாசனம்

கோடைக்காலத்து முற்பகலில், குழாயின் வாயை விரலால் அழுத்திப் பிடித்துப் பாத்தி முழுவதும் நீரைத் தெளித்துவிட்டு, செடிகளின் தாகம் தணிந்ததென்ற திருப்தியோடு வீட்டுக்குள் திரும்புகிறவர், மறுநாள் காலையில் அந்த மண்ணைச் சிறிது கிளறிப் பார்ப்பாராயின், மேல்மண் காய்ந்து பொருக்குத் தட்டியிருப்பதையும், வேர் ஓடியிருக்கும் ஆழத்தில் ஈரம் எட்டாமலே கிடப்பதையும் காண்பார். கணக்கு எளியதுதான். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 10 லிட்டர் நீரைப் பரவலாக ஊற்றினால், அது நிலத்தின்மேல் 1 சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் நிற்கும். அதிலும் ஒரு பங்கை வெயில் வாங்கிக்கொள்ள, இன்னொரு பங்கைக் கோரையும் அருகும் குடித்துவிடுகின்றன.

இந்த விரயத்தைத் தடுக்க மனிதன் கண்ட சாதனங்களுள் மிகப் புராதனமான ஒன்று, மெருகிடாத மண்பானையைக் கழுத்தளவு பூமியில் புதைத்து நீர் நிரப்பி வைப்பதாகும். கி.மு. முதல் நூற்றாண்டில் சீனத்தில் வாழ்ந்த ஃபான் ஷெங்ஜி என்பவரின் வேளாண்மை நூலில், எருவிட்ட குழியின் நடுவில் பானையைப் புதைத்து, அதைச் சுற்றி நான்கு முலாம்பழ விதைகளை ஊன்றி, பானையின் வாயை ஓட்டால் மூடி, நீர் குறையக் குறைய நிரப்பிவரும் முறை தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நம் தேசத்தில், ஹரியானாவின் கர்னாலிலுள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களில் இம்முறையைப் பரிசோதித்து, நீர் அருகிய இடங்களிலும் காய்கறி பயிரிட இது பிரயோஜனப்படுமென்று எடுத்துக்காட்டினார்கள்.

சூளையில் வெந்த பானையின் சுவரில், கண்ணுக்குப் புலப்படாத சூக்ஷ்மமான துளைகள் எண்ணற்றவை இருக்கின்றன. குடிநீர்ப் பானையின் புறத்தே அரும்பும் ஈரம் அவற்றின் வழியாகக் கசிந்து வந்ததே. அது காற்றில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் எடுத்துச் செல்வதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. அதே பானையை மண்ணுக்குள் இறக்கினால், காற்று செய்த வேலையை மண் செய்கிறது. உலர்ந்த மண்ணுக்கு நீரை ஈர்க்கும் வலிமை மிகுதி. ஈரம் ஏற ஏற அவ்வலிமை தணிந்துவிடும். ஆகவே, வேர்கள் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்சப் பானை விரைந்து கசிவதும், மழை பெய்து மண் நனைந்தபின் கசிவு அநேகமாக நின்றுபோவதும், ஒருவரும் திருகைத் தொடாமலே தாமாக நிகழ்கின்றன. எவ்வளவு நீர் வேண்டுமென்பதைத் தோட்டக்காரரின் ஊகத்துக்கு விடாமல், செடியின் தேவையே தீர்மானிக்கிறது என்பதுதான் இதன் விசேஷம். மண்ணின் ஈர்ப்பை அளக்க விஞ்ஞானிகள் உபயோகிக்கும் டென்சியோமீட்டர் என்னும் கருவியின் நுனியிலும் இத்தகைய துளையுள்ள களிமண் குப்பிதான் இருக்கிறது.

குயவரிடம் பானை வாங்கும்போது, வண்ணம் பூசாததாகப் பார்த்து வாங்கவேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து நீர் நிரப்பி நிழலில் வைத்தால், சில மணி நேரத்தில் வெளிச்சுவர் கைக்குச் சில்லென்று ஈரம் காட்டவேண்டும். சொட்டினால் விரிசல் உண்டு, உலர்ந்தே இருந்தால் அது இக்காரியத்துக்கு உதவாது. பானையைவிட அகலமாகக் குழி எடுத்து, கட்டிகளை உடைத்துத் தொழுவுரம் கலந்த மண்ணைச் சுவரோடு ஒட்டும்படி கையால் அழுத்தி நிரப்பவேண்டும். பலர் அவசரத்தில் தவறவிடுவது இதைத்தான். மண்ணுக்கும் சுவருக்கும் இடையில் வெற்றிடம் இருந்தால் ஈர்ப்பு அறுந்து, பானை நிறைந்திருக்கச் செடி வாடும். விதைகளைப் பானையை ஒட்டினாற்போல் ஊன்றி, வேர் இறங்கும்வரை மேலேயும் சிறிது நீர் தெளித்துவரவேண்டும். வாயைக் கட்டாயம் மூடிவைக்கவேண்டும். திறந்த பானை கொசுக்கள் விருத்தியாகும் ஸ்தலமாகிவிடும். பாதிக்குமேல் நீர் வற்றவிடாமல் நிரப்புவது நல்லது. நீர்மட்டம் இறங்க இறங்கக் கசியும் சுவரின் பரப்பும் சுருங்குகிறதல்லவா?

புடல், பாகல், பூசணி, கத்தரி, தக்காளி ஆகியவை இம்முறையில் செழிக்கும். களிமண்ணில் ஈரம் பக்கவாட்டில் நன்கு பரவும். மணற்பாங்கான நிலத்தில் அது கீழே இறங்கிவிடுவதால் பானைகளை நெருக்கமாகப் புதைக்கவேண்டும். புல்தரைக்கு இது பொருந்தாது. பரப்பு முழுவதும் வேர் விட்டிருக்கும் புல்லுக்கு, நாள்தோறும் சிறிது தெளிப்பதைவிட, சில நாட்களுக்கு ஒருமுறை விடியற்காலையில் ஆழ நனைப்பதே சிக்கனம். பெருந்தோட்டக்காரர்களுக்குச் சொட்டுநீர்க் குழாய்கள் வசதியானவை. ஆனால் ஐந்தாறு பாத்திகளே உள்ள கொல்லைக்கு, மின்சாரமும் வடிகட்டியும் வேண்டாத இந்தப் பானையே தக்கதென்பது என் திடமான அபிப்பிராயம்.

அரிசி கழுவிய நீரைச் செடியின் அடியிலேயே ஊற்றலாம், பானையில் ஊற்றலாகாது. அதிலுள்ள மாவு துளைகளை அடைத்துவிடும். உப்புச்சாரமான கிணற்று நீரும் நாளடைவில் இதையே செய்யும். ஆகையால் ஒரு பருவத்துக் காய் ஓய்ந்ததும், பானையைத் தோண்டி எடுத்து, தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி மறுபடி புதைக்கவேண்டும். அப்படியும் கசியாத பானையை உடைத்து, பூந்தொட்டிகளின் அடித்துளைக்கு ஓடாக வைத்துவிட்டு, குயவரிடம் புதியதொன்று வாங்கிக்கொள்ளலாம்.