இலவசப் பரிசோதனையின் விலை

க்ஷயரோகம் ஒரு வீட்டில் ஒருவரோடு நிற்பதில்லை. இருமுகிறவர் ஒருவர், அவரோடு ஒரே அறையில் படுத்துறங்குகிறவர் பலர். ஆகையால் நோயாளிக்கு மருந்து கொடுத்த கையோடு அவர் வீட்டாரையும் சோதித்துவிட வேண்டுமென்பது வைத்தியர்களின் துணிபு.

இதன் அவசியத்தை உலகுக்கு உணர்த்தியதில் நமது சென்னைக்குப் பெரும்பங்கு உண்டு. 1956-இல் அங்கே ஏற்பட்ட க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம், நோயாளிகளில் ஒரு சாராரை ஆரோக்கிய சாலையிலும், மற்றொரு சாராரை வீட்டிலுமே வைத்துச் சிகிச்சை செய்தது. 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அவ்வளவு நன்றாகவே குணமடைந்தனர். உடன் வசித்தோருக்கும் அதனால் அதிக அபாயம் விளையவில்லை. மருந்து தொடங்குமுன் கழிந்த நாட்களே பெரிதும் அபாயமானவை என்பது புலனாயிற்று. அப்படியானால், நோய் வெளிப்படும் தினத்திலேயே வீட்டார் அபாயத்திற்கு உட்பட்டுவிட்டவர்கள். அவர்களைச் சோதிப்பதில் தாமதம் ஆகாது.

இனி விருதுநகர் ஜில்லாவைப் பார்ப்போம். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். வானம் பார்த்த கரிசல் பூமியில் அத்தொழிலும், பின்னர் பட்டாசும், எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன. தேசம் பெருமை கொள்ளத்தக்க கைத்திறன் அது. ஆனால் அச்சோறு அன்றாடக் கூலியில் வரும் சோறு.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். 2022-இல் விருதுநகருக்கு வைத்தியக் கல்லூரியும் வந்துவிட்டது. எனினும் அந்த இலவசத்துக்கு ஒரு விலை உண்டு. வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து தாய், தந்தை, வேலைக்குச் செல்லும் மகள் மூவரும் புறப்பட்டால் மூன்று பேர் கூலி போயிற்று. முடிவு அறிய மீண்டும் வந்தால் மறுபடியும் மூன்று கூலி. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இழந்த கூலியை யார் கொடுப்பார்? எனவே நோயாளி மட்டும் வருகிறார். மற்றவர்கள், "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிறார்கள். இருமல் வந்தாலும் மருந்துத் தூசியின்மேல் பழி போடுவது எளிது.

ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 சதவிகிதத்துக்குமேல் இந்நோயால் செலவும் நஷ்டமும் ஏற்பட்டால், அதை நாசகரமான செலவு என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிடுகிறது. 2024 நவம்பர் முதல் போஷாக்குக்காக மாதம் 1,000 ரூபாய் அளிக்கப்படுவது நோயாளிக்கே. உடன் வசிப்போரின் கூலி நஷ்டம் அதில் சேராது.

அவர்களுக்காகச் செலவிடுவது வீண்போகாது என்பதற்கு ஜார்க்கண்டில் நடந்த ஆராய்ச்சி சாட்சி. நோயாளியின் வீட்டாருக்கும் சத்துணவு வழங்கியதில், அவர்களிடையே புதிதாக நோய் காண்பது 39 சதவிகிதம் குறைந்ததென 2023-இல் வெளியிட்டார்கள். தடுப்பு மருந்தும் முன்போல் ஆறு மாதந்தான் என்றில்லை. வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு வேளையில் முடியும் முறையும் உண்டு.

ஆகவே குடும்பம் ஆஸ்பத்திரிக்கு வரட்டுமென்று காத்திராமல், பரிசோதனை குடும்பத்தைத் தேடிச் செல்லட்டும். கையில் தூக்கிச் செல்லக்கூடிய எக்ஸ்ரே கருவிகள் இன்று உள்ளன. வெடிமருந்துக் கூடத்தருகே அவற்றுக்கு இடமில்லை. ஊர்ப் பள்ளிக்கூடம் போதும், விடுமுறை நாள் போதும். வேலை நாளில்தான் நடக்குமென்றால் அன்றைய கூலியை முதலாளிமார் ஏற்பது தர்மம்.

தீபாவளியன்று நம் குழந்தைகள் கொளுத்தும் மத்தாப்பைச் செய்த கைகள், ஒரு நாள் கூலிக்கு அஞ்சி நெஞ்சிலுள்ள நோயை மறைத்து வைக்கலாகாது.